கொஞ்சமாகக் கற்பித்த பயிற்றுநர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆடும் உதைபந்தாட்டம் நாம் பார்க்கும் உதைபந்தாட்டம் அல்ல. பந்தைக் கையால் எறிவார்கள், ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். பார்த்தால் றக்பிதான் ஞாபகம் வரும். அதில் தாக்குதல் ஆட்டத்தைப் பயிற்றுவித்துப் பெயர் பெற்றவர் மைக் லீச். அவருடைய தொழில் வாழ்க்கையில் ஆசிரியர்களாகிய நமக்கும் பெற்றாருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

லீச் பல்கலைக்கழக அணியில் ஆடியவரல்லர். சட்டம் படித்துப் பட்டம் பெற்றும் சட்டத்தரணியாகாமல் பயிற்றுநரானார். 1989 இல் அயோவா வெஸ்லியன் என்ற சிறிய கல்லூரியில் ஹால் மம்மே என்ற தலைமைப் பயிற்றுநரின் கீழ் வேலைக்குச் சேர்ந்தார். இருவரும் வளர்த்த ஆட்டமுறைதான் 'எயார் ரெய்ட்'.

மற்ற அணிகள் தடித்த புத்தகம் நிறைய ஆட்டத் திட்டங்களை வீரர்களிடம் கொடுத்தன. லீச்சிடம் இருந்தவை கொஞ்சம்தான். அவற்றையே கை பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்வித்தார். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்துக் களத்திலேயே திட்டத்தை மாற்றும் உரிமையையும் பந்தை எறியும் வீரருக்குக் கொடுத்தார்.

2000 முதல் 2009 வரை டெக்ஸாஸ் டெக் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்தார். அந்தப் பத்துப் பருவங்களிலும் அணி தோற்றதைவிட வென்றதே அதிகம். 2008 இல், அப்போது முதலிடத்தில் இருந்த டெக்ஸாஸ் அணியை 39-33 என்று வென்றது. அவரிடம் பயின்ற லிங்கன் ரைலி, கிளிஃப் கிங்ஸ்பரி போன்றோர் பின்னர் தலைமைப் பயிற்றுநர்களானார்கள். 2022 டிசம்பரில் லீச் காலமானார். அவர் ஒருமுறைகூடத் தேசிய சாம்பியன் பட்டம் வென்றதில்லை. ஆனால் அவருடைய முறை நாடெங்கும் பரவிவிட்டது.

அவரிடம் எல்லாமே பின்பற்றத் தக்கவை என்று நாம் சொல்லவில்லை. தலையில் அடிபட்ட வீரர் ஒருவரை நடத்திய விதம் பற்றிய குற்றச்சாட்டில் 2009 இறுதியில் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. தான் தவறு செய்யவில்லை என்றே அவர் சொன்னார். எப்படியானாலும், பயிற்சி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பிள்ளையின் உடல்நலம்தான் முதலில் என்பதில் நமக்கு இரண்டு பேச்சில்லை.

ஆனால் 'கொஞ்சத்தை முழுமையாக' என்ற அவருடைய வழியை நாம் யோசிக்க வேண்டும். எத்தனை கொப்பி நிரம்பியது, எத்தனை வினாத்தாள் செய்வித்தார்கள் என்பதை வைத்தே நல்ல ஆசிரியரை நாம் அளக்கிறோம். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில், பின்னத்தைக் கூட்டத் தெரியாத பிள்ளையையும் அடுத்த அலகுக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். பாடம் முடிகிறது, பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அடுத்த பெற்றார் கூட்டத்தில் "எத்தனை பாடம் முடிந்தது?" என்று கேட்காமல், "என் பிள்ளை எதைத் தானாகச் செய்கிறது?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல ஆசிரியர்களாகிய நாம் தயாராக இருப்போம்.