விசுவாசத்தை ஓராண்டுக் கணக்கில் அளக்க முடியாது

விமானச்சீட்டு எடுக்க வருபவர் எயார்லைன்ஸின் பெயரைச் சொல்லிக் கேட்கும் வழக்கம் நம் பகுதியில் அருகி வருகிறது. சம்மாந்துறை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எங்கே ஏஜென்சி நடத்துபவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். சவூதியிலும் கட்டாரிலும் இருபது வருடம் உழைத்து, போக வர ஒரே விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று கவுண்டர் முன்னால் உட்கார்ந்து, "தம்பி, எது எண்டாலும் பரவால்ல. சொன்ன நேரத்துக்குப் போறதாப் பாத்துப் போடுங்க. கிலோவும் குறையாம இருக்கணும்" என்கிறார்கள். மலிவான சீட்டைத் தேடுகிறார்கள் என்று இதற்கு அர்த்தம் செய்துகொண்டு நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. அவர்கள் எப்போதுமே விலை பார்த்தவர்கள்தான். ஆனாலும் கொஞ்சம் காசு கூடினாலும் பழகிய விமானத்தை விடாதவர்கள். அந்தப் பிடிப்பு விட்டுப்போனதுதான் புதிது. ஏன் விட்டது என்று அறிவதும், அதில் நம் பங்கு என்ன என்று பார்ப்பதும் இந்தத் தொழிலில் இருக்கும் நமக்குக் கடமை.

இது நம் கரையோரத்தில் மட்டும் நடப்பதல்ல. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தன் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது, அடிக்கடி பறப்பவருக்குத் தந்த வாக்கு எளிமையானது: எவ்வளவு தூரம் பறக்கிறாயோ அவ்வளவு மைல் உன் கணக்கில் சேரும். சேர்ந்தால் இலவசச் சீட்டு. மலிவுச் சீட்டில் போனவருக்கும் தூரம் தூரம்தான். அந்தக் கணக்கு 2015 இல் உடைந்தது. டெல்டாவும் யுனைட்டெட்டும் தூரத்தை விட்டுவிட்டு, செலவிட்ட பணத்துக்கே புள்ளி என்று மாற்றின. அடுத்த ஆண்டு அமெரிக்கனும் அதே வழிக்கு வந்தது. எயார் இந்தியாவின் ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் 2024 ஏப்ரலில் பணக் கணக்குக்கு மாறியது. பிரிட்டிஷ் எயார்வேஸ் 2025 ஏப்ரலில் தன் அந்தஸ்துப் படிகளையும் செலவுக்கே கட்டிவிட்டது. பயணப் பொதியும் தப்பவில்லை. எயார் இந்தியா 2024 மே மாதத்தில் உள்நாட்டு மலிவுக் கட்டணங்களுக்கான இலவசப் பொதியை 15 கிலோவாகக் குறைத்தது. இலவசப் பொதியையே தன் அடையாளமாக வைத்திருந்த அமெரிக்காவின் சவுத்வெஸ்ட், 2025 மே 28 முதல் பெரும்பாலான பயணிகளிடம் அதற்குக் காசு வாங்கத் தொடங்கியது.

பழைய பயணிகள் இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளவில்லை. 2023 செப்டெம்பரில் டெல்டா தன் அந்தஸ்து விதிகளையும் ஓய்வறை அனுமதியையும் கடுமையாக இறுக்கியபோது எழுந்த எதிர்ப்பில், அளவுக்கு மீறிப் போய்விட்டோம் என்று அதன் தலைமை நிர்வாகி எட் பாஸ்டியனே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒக்டோபரில் சில மாற்றங்களைத் தளர்த்தினார்கள். 2024 செப்டெம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் நான்கு பெரிய நிறுவனங்களின் புள்ளித் திட்டங்களை விசாரணைக்கு எடுத்தது. புள்ளியின் பெறுமதி முன்னறிவிப்பின்றிக் குறைக்கப்படுகிறதா என்பது அதன் கேள்விகளில் ஒன்று.

இவ்வளவு எதிர்ப்பையும் தாண்டி நிறுவனங்கள் ஏன் இந்த வழியில் போகின்றன? காரணம் 2020 இல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைட்டெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடுவைத்து 6.8 பில்லியன் டொலர் திரட்டியது. டெல்டா ஸ்கைமைல்ஸை வைத்து 9 பில்லியன் திரட்டியது. அந்த ஈட்டுக்காக மைலேஜ்பிளஸுக்குப் போடப்பட்ட மதிப்பு, முழு யுனைட்டெட் நிறுவனத்துக்கும் அன்று பங்குச் சந்தை தந்த மதிப்பைவிடக் கூடுதல். வங்கிகள் கடனட்டைக்காரருக்குக் கொடுக்கவென்று புள்ளிகளை மொத்தமாக வாங்குகின்றன. அந்த வருமானத்தில்தான் திட்டம் வாழ்கிறது. ஆகவே எயார்லைன்ஸின் பார்வையில் நல்ல வாடிக்கையாளர், கடனட்டையில் நிறையச் செலவழிப்பவர். றியாத்தில் மேசன் வேலை செய்துவிட்டு, மாதச் சம்பளத்தை முழுக்க வீட்டுக்கு அனுப்பும் நம் ஊர்க்காரர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அவருடைய கணக்கை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம். இரண்டு வருட ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்து லீவில் வருகிறார், திரும்பிப் போகிறார். சீட்டை எடுப்பவர் கஃபீலாகவோ கம்பனியாகவோ இருந்தால் மிகக் குறைந்த புக்கிங் வகுப்பில்தான் எடுப்பார். அந்த எழுத்துக்குக் கிடைக்கும் மைல் மிகச் சொற்பம், சில நிறுவனங்களில் எதுவுமே இல்லை. அந்தஸ்துப் படியோ பெரும்பாலும் 12 மாதக் கணக்கு. அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் அவர் ஒரு தடவை வந்து போனாலே பெரிது. சேர்ந்த சொற்ப மைலும் அடுத்த லீவு வருவதற்குள் காலாவதியாகும் நிலைக்கு வந்துவிடுகிறது. இருபது வருடம் ஒரே விமானத்தில் போய் வந்த மனிதர் திட்டத்தின் அடிப்படியிலேயே நிற்கிறார். ஒரே வருடத்தில் பத்துத் தடவை சிங்கப்பூர் போய் வந்த அதிகாரி தங்க அட்டையோடு முன்வரிசையில் ஏறுகிறார். இருபது வருட விசுவாசத்தை ஓராண்டுக் கணக்கில் போட்டால் விடை பூச்சியமாகத்தான் வரும். பிழை அந்த மனிதரிடம் இல்லை, கணக்குப் போடும் முறையில் இருக்கிறது.

நம் தேசிய விமான சேவையின் வரலாறு இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. 1979 இல் எயார் லங்காவாகத் தொடங்கிய நிறுவனம், 1998 முதல் பத்து வருடம் எமிரேட்ஸின் நிர்வாகத்தில் இருந்தது. 2000 ஆம் ஆண்டு இரண்டும் சேர்ந்தே ஸ்கைவர்ட்ஸ் திட்டத்தைத் தொடங்கின. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பவிருந்த ஜனாதிபதியின் பரிவாரத்துக்காக, காசு கட்டி ஆசனம் எடுத்திருந்த பயணிகளை இறக்கிவிட அப்போதைய தலைமை நிர்வாகி பீற்றர் ஹில் மறுத்தார். அவருடைய வேலை வீசா இரத்தானது. 2008 மார்ச்சோடு எமிரேட்ஸ் நிர்வாகத்திலிருந்து விலகியது. அந்த நிர்வாகத்தைப் பற்றி வேறு விமர்சனங்கள் இருக்கலாம். ஆனால் அன்று காக்கப்பட்டது, சீட்டு வாங்கிய சாதாரணப் பயணியின் இடம். பயணியிடம் விசுவாசம் கேட்கும் நிறுவனம் முதலில் அவருக்குத் தான் விசுவாசமாக இருக்க வேண்டும் என்பதற்கு நம் துறையில் இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் ஸ்ரீலங்கனின் சொந்த மைல் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸ் வந்தது. 2014 மே 1 ஆம் திகதி ஸ்ரீலங்கன் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது. உயர்ந்த அட்டை வைத்திருப்போருக்கு உலகெங்கும் ஓய்வறைக் கதவு திறந்தது. ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடி நிறுவனத்தை உலுக்கியது. அரசின் உத்தரவாதத்தோடு எடுத்த 175 மில்லியன் டொலர் கடன்பத்திரத்துக்குத் தவணை கட்ட முடியவில்லை. விமானிகள் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போனார்கள். என்ஜின் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றன. 2023 இலும் 2024 தொடக்கத்திலும் தாமதங்களும் இரத்துகளும் நாளாந்தச் செய்தியாயின. விற்பதா வைத்திருப்பதா என்ற இழுபறியும் சேர்ந்துகொண்டது. இந்த நெருக்கடிக்குள் இருந்து விமானத்தை ஓட்டிய ஊழியர்களின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே 2022 இல்தான் இந்த நாட்டிலிருந்து 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அந்த வருடம் 3.8 பில்லியன் டொலருக்கு விழுந்த வெளிநாட்டு உழைப்பாளர் அனுப்பும் பணம், 2024 இல் 6.5 பில்லியனைத் தாண்டியது. நாட்டைத் தூக்கி நிறுத்திய டொலரை உழைத்தவர்களும், தாமதமான விமானத்துக்காகக் கட்டுநாயக்கவில் காத்துக் கிடந்தவர்களும் ஒரே ஆட்கள்தான்.

தாமதம் என்ற சொல் கொழும்பில் இருப்பவருக்கு ஒரு விதம், நம் பகுதிக்கு இன்னொரு விதம். இங்கிருந்து கட்டுநாயக்க ஓர் இரவுப் பயணம். வேனை வாடகைக்குப் பிடித்து, உம்மா, மனைவி, பிள்ளைகளோடு வழியனுப்ப வந்தவர்கள், விமானம் எட்டு மணித்தியாலம் பிந்துகிறது என்று வாசலில் வைத்துத்தான் அறிகிறார்கள். வேன்காரருக்குக் காத்திருப்புக் கூலி, குழந்தைக்குப் பால், முதியவருக்குப் படுக்க இடம், எல்லாம் பயணியின் தலையில். மீள்நுழைவு வீசாவின் கடைசி நாளில் போகிறவருக்குத் தாமதம் என்பது வேலை போவது. உம்றா குழுவில் நாற்பது பேர், பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். இணைப்பு விமானம் தவறினால் மக்காவில் எடுத்த ஹோட்டல் இரவு வீணாகிறது, பஸ் வீணாகிறது, குழுவின் பொறுப்பாளர் பதில் சொல்லி ஓய்வதில்லை.

வீதியும் நம்மோடு ஒத்துழைப்பதில்லை. 2024 நவம்பர் 26 ஆம் திகதி, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடைப்பட்ட வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்று மத்ரஸா மாணவர்களைப் பலிகொண்ட துயரத்தை இந்தப் பகுதி மறக்காது. கரையோரத்திலிருந்து அம்பாறைப் பக்கமாகக் கொழும்புக்குப் போகும் வழி அதுதான். இப்படியொரு வாரத்தில் விமானத்துக்குப் போக முடியாத பயணியை வராதவர் என்று பதிந்து அபராதம் போடுவதா, அல்லது வீதி மூடியதை ஆதாரமாக ஏற்று வேறு திகதி தருவதா? ஒரு பயணி அடுத்த இருபது வருடத்துக்கு யாருடைய விமானத்தில் போவார் என்பதை இந்த ஒரு முடிவு தீர்மானித்துவிடும். எந்தப் புள்ளித் திட்டத்துக்கும் அந்தச் சக்தி கிடையாது.

இனி நம் பக்கம். பயணிக்கும் எயார்லைன்ஸுக்கும் நடுவில் இருப்பவர்கள் நாம். அந்த நடுவில் சில கதவுகளை நாமே மூடி வைத்திருக்கிறோம். புக்கிங் செய்யும்போது பயணியின் சொந்தக் கைத்தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கேட்டு, சீ.டீ.சீ.எம்., சீ.டீ.சீ.ஈ. பதிவுகளில் போட வேண்டும் என்பது 2019 இலிருந்து ஐயாட்டாவின் 830 டீ தீர்மானம் நம்மிடம் வைக்கும் கடமை. நம்மில் பலர் அங்கே ஏஜென்சியின் எண்ணையே போடுகிறோம். வாடிக்கையாளர் கைநழுவிப் போய்விடுவாரோ என்ற பயம். விளைவு, நேரம் மாறியது என்ற குறுஞ்செய்தி இரவு இரண்டு மணிக்குப் பூட்டிய கடையில் கிடக்கும் போனுக்கு வருகிறது. பயணி அப்போது வேனில், மஹியங்கனையைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது பெயர். நம் ஆட்களின் கடவுச்சீட்டில் வாப்பாவின் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், சில வேளை மூன்று நான்கு பெயர் சேர்ந்து வரும். முஹம்மத் என்ற ஒரு பெயருக்கே ஆங்கிலத்தில் எத்தனையோ எழுத்துக்கூட்டல். உறுப்பினர் கணக்கில் ஒரு விதமாகவும் சீட்டில் இன்னொரு விதமாகவும் இருந்தால் மைல் சேராது. கணக்குத் திறக்கும்போதே கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பதிய வேண்டும். உறுப்பினர் எண்ணை எஃப்.கியூ.டீ.வி. பதிவில் சேர்க்க அரை நிமிடம் போதும். காசு கட்டியவர் கம்பனியானாலும் மைல் பெரும்பாலான திட்டங்களில் பறந்தவருக்கே உரியது என்பதையும், ஏறும் அட்டையை எறியாமல் வைத்திருந்தால் விடுபட்ட மைலைப் பின்னர் கோரலாம் என்பதையும் பயணியிடம் சொல்ல வேண்டியவர் நாம்தான். புள்ளியைக் காசுபோல் சேமித்து வைக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 17 ஆம் திகதி ஜெட் எயார்வேஸ் பறப்பை நிறுத்தியபோது, அதன் புள்ளிகளோடு இருந்தவர்களுக்கு ஏறுவதற்கு ஜெட் விமானமே இல்லாமல் போனது.

மலிவுச் சீட்டை விற்கும்போது அதில் எத்தனை கிலோ, திகதி மாற்ற எவ்வளவு, இரத்துச் செய்தால் என்ன திரும்பும் என்ற மூன்றையும் தமிழில் எழுதிக் கையில் கொடுக்கும் பழக்கத்தையும் இன்றே தொடங்கலாம். விமான நிலையத்தில் கூடுதல் கிலோவுக்குக் காசு கேட்கும்போது பயணி முதலில் நினைப்பது எயார்லைன்ஸை அல்ல, சீட்டு விற்ற நம்மைத்தான்.

விசுவாசம் வெட்டப்படுவது என்ன என்று நம் தொழிலுக்கு நன்றாகத் தெரியும். 1995 இல் அமெரிக்காவில் டெல்டா ஏஜென்டுகளின் கமிஷனுக்கு உச்சவரம்பு போட்டது. 2002 அளவில் அங்கே அடிப்படைக் கமிஷனே இல்லாமல் போனது. அந்த அலை பின்னர் நம் கரைக்கும் வந்தது. பல்லாண்டு தங்கள் ஆசனங்களை நிரப்பிக் கொடுத்தவர்களை நிறுவனங்கள் செலவுக் கணக்கில் எழுதின. இன்று அதே பேனா பயணியின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆகவே பயணிக்காகப் பேசுவது நமக்கு அந்நியமான வேலை அல்ல.

எயார்லைன்ஸ்களிடம், முதலில் நம் தேசிய சேவையிடம், நாம் கேட்பவை இவை. வெளிநாட்டு உழைப்பாளருக்கு வருடக் கணக்கை விட்டு, வாழ்நாள் பறப்பைக் கணக்கில் எடுக்கும் தனிப் படி வேண்டும். வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு இருக்கும்போது அவரை அடையாளம் காண்பது கடினமல்ல. அந்தப் படியின் வெகுமதி ஓய்வறை வேண்டாம், கிலோவாகட்டும். பத்துக் கிலோ கூடுதலாகக் கொடுத்தால் அது ஒரு வீட்டுக்குப் பெருநாள் உடுப்பு. குடும்பத்தினர் மைலை ஒரே கணக்கில் சேர்க்கும் வசதி எமிரேட்ஸில் இருக்கிறது, அது எல்லாத் திட்டங்களிலும் வர வேண்டும். தாமதச் செய்தி தமிழிலும் வர வேண்டும், வீட்டிலிருந்து புறப்படும் முன் வர வேண்டும். புள்ளியின் பெறுமதியைக் குறைப்பதானால் குறைந்தது ஆறு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைத் தனித்தனி ஏஜென்சியாகச் சொன்னால் விற்பனைப் பிரதிநிதியின் குறிப்புப் புத்தகத்தோடு நின்றுவிடும். கல்முனை முதல் பொத்துவில் வரை உள்ளவர்கள், அடுத்த மூன்று மாதம் தங்கள் பயணிகளுக்கு ஏற்பட்ட தாமதம், இரத்து, சேராத மைல், கூடுதல் பொதிக் கட்டணம் ஆகியவற்றைத் திகதியும் விமான எண்ணும் போட்டு எழுதி வைப்போம். பயணியின் பெயர் தேவையில்லை. அந்தப் பதிவுகளை ஒன்றாக்கி நிறுவனங்களின் முன் வைப்போம். அதற்கு முன்னால், நாளை காலை கடை திறந்ததும் கணினியில் இருக்கும் புக்கிங்குகளை எடுத்து, பயணியின் சொந்த எண் இருக்க வேண்டிய இடத்தில் நம் எண் இருந்தால் அதை மாற்றுவோம்.