பைப் மெஷினும் பழைய நோட்டும்

பிவிசி பைப் தயாரிக்கும் எக்ஸ்ட்ரூடர் மெஷின் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பழைய நோட்டு இருக்கும். முதல் ஹீட்டருக்கு இவ்வளவு, இரண்டாவதுக்கு இவ்வளவு, டைக்கு இவ்வளவு என்று யாரோ எப்போதோ எழுதி வைத்த எண்கள். புதிதாக வேலைக்கு வரும் ஆப்பரேட்டர் அதைப் பார்த்து அப்படியே செட் செய்வார். பைப் ஒழுங்காக வந்தால் நோட்டு நல்லது, கருகினால் ஆப்பரேட்டர் சரியில்லை! இது என்ன நியாயம்?

கன்ட்ரோலரில் தெரிவது பேரல் இரும்பின் வெப்பம்தான். உள்ளே உருகி ஓடும் பிளாஸ்டிக்கின் வெப்பம் வேறு. ஸ்குரூ சுற்றும்போது உராய்வினாலேயே நிறைய சூடு உண்டாகிறது. வேகத்தைக் கூட்டினால் ஹீட்டரைத் தொடாமலே பிளாஸ்டிக் சூடேறும். ஆக, ஸ்குரூ வேகம் எழுதாத நோட்டில் பாதி விஷயம் இல்லை.

பாலிஎத்திலீன் கொஞ்சம் பொறுத்துப் போகும். பைப்புக்கான கடின பிவிசி பொறுக்காது. ஏறக்குறைய 170 முதல் 200 டிகிரி செல்சியஸுக்குள் அதை ஓட்ட வேண்டும். அதற்கு மேலே போனாலோ, கரண்ட் போய் பேரலுக்குள் சூட்டிலேயே தேங்கி நின்றாலோ, மஞ்சளாகி, பழுப்பாகி, கருகி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். ஆப்பரேட்டருக்குக் கண்ணும் தொண்டையும் எரியும், ஸ்குரூ அரிக்கும். (முதலாளிகள் இரண்டாவதைத்தான் சீக்கிரம் கவனிக்கிறார்கள்.)

கருகினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சூடு குறைந்தால்தான் தெரியாது, அதுதான் மோசம். பிவிசி துகள்கள் ஒன்றோடொன்று முழுதாக இணையாமலே பைப் பார்க்க நன்றாக இருக்கும். விவசாயி கடன் வாங்கி, பள்ளம் தோண்டி அதைப் புதைப்பார். மோட்டாரைப் போட்டு நிறுத்தும்போது வரும் அழுத்த அதிர்ச்சியில் ஒரு நாள் கண்ணாடி போல உடையும். மறுபடி தோண்ட வேண்டும். அதுவரை பயிர் காத்திருக்குமா? இத்தனைக்கும் இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. பைப் முனையைச் சரிவாகச் சீவி மெத்திலீன் குளோரைடு திரவத்தில் முக்கி வைத்தால், சரியாக இணையாத இடம் அரித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. பிவிசி சூட்டில் சிதையாமல் இருக்க ஸ்டெபிலைசர் சேர்க்கிறார்கள். நீண்ட காலம் ஈயம் கலந்ததே வழக்கம். குடிநீரில் ஈயம் சேரும் ஆபத்தால் 2021-ல் மத்திய அரசு பைப்புகளில் ஈய ஸ்டெபிலைசரைக் கட்டுப்படுத்த விதிகள் கொண்டுவந்தது. அதற்குப் பதிலாகச் சேர்க்கும் கால்சியம்-துத்தநாக வகையின் குணம் வேறு. ஈயக் காலத்தில் எழுதிய எண்ணை இதற்கும் வைத்தால் எப்படிப் பொருந்தும்?

நோட்டைக் கிழித்துப் போட வேண்டாம். ஸ்குரூ வேகம், மோட்டார் ஆம்பியர், எந்தக் கலவை என்று எல்லாவற்றையும் அதில் எழுத வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு ஹீட்டரை மட்டும் ஐந்து டிகிரி மாற்றி, நிலைக்கும் வரை காத்திருக்க ஆப்பரேட்டருக்கு நேரம் கொடுக்கலாம். இன்றைய டார்கெட் என்று பின்னால் நின்று விரட்டினால் அவர் எப்படிக் காத்திருப்பார்? சென்னை கிண்டியில் 1968-ல் தொடங்கிய சிபெட் நிறுவனம் இத்தகைய தொழிலுக்கென்றே பயிற்சி தருகிறது. அங்கே அனுப்ப மனமில்லாதவர்கள் தெர்மோகப்பிள் குழிக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்றாவது பார்க்கலாம். அது லூசானால் வெப்பத்தைக் குறைத்தே காட்டும், ஹீட்டர் நிற்காமல் எரியும். கன்ட்ரோலரிலும் நோட்டிலும் எண் என்னவோ ஒன்றாகத்தான் இருக்கும்!