இரும்பு சல்பைடு படிந்த தொட்டிகளில் ஆள் இறக்குவது: எங்கள் நிலைப்பாடு

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஷட்டவுன் நேரத்தில் தொட்டி கழுவ இறங்குபவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களிடையே வேலை செய்யும் அமைப்பு என்ற முறையில் எங்கள் நிலைப்பாடு இது: இரும்பு சல்பைடு படிந்திருக்கக்கூடிய எந்தத் தொட்டியிலும், படிவு முழுக்க நனைந்திருந்தால் ஒழிய, யாரையும் இறக்கக் கூடாது.

கந்தகம் மிகுந்த கச்சா எண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவருகிறது. அது தொட்டியின் உட்சுவரிலுள்ள துருவோடு சேர்ந்து கறுப்பாக, பொடியாக, இரும்பு சல்பைடாகப் படிகிறது. உள்ளே ஆக்சிஜன் இல்லாதவரை அதனால் தொந்தரவில்லை. மேன்ஹோலைத் திறந்து காற்று பட்டு, ஈரமும் காய்ந்துவிட்டால் அது மறுபடி துருவாகத் தொடங்கும். அப்போது எழும் சூட்டிலேயே படிவு கனலும். பக்கத்தில் எண்ணெய்க் கசடோ ஆவியோ இருந்தால் தீ. முதலில் தெரியும் வெள்ளைப் புகையில் இருப்பது சல்பர் டையாக்சைடு. நீராவி விட்டுக் கழுவிய இடத்தில் அதையும் நீராவி என்றே நினைத்துவிடுவது எளிது.

பொறி பறக்காத பித்தளைச் சுரண்டி கொடுத்தாயிற்று, பீடி தீப்பெட்டியை கேட்டிலேயே வாங்கி வைத்தாயிற்று என்று கான்டிராக்டர்கள் கணக்குக் காட்டுகிறார்கள். பொறியே தேவைப்படாத பொருளுக்கு முன்னால் பித்தளை என்ன செய்யும்?

வாயுச் சோதனையும் இங்கே போதாது. மீட்டரில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், எரியக்கூடிய வாயு பூஜ்யம். பர்மிட்டில் கையெழுத்து விழுந்துவிடும். ஆனால் அந்த அளவு வரும்வரை ஓடிய புளோயர்தான் சுவரிலுள்ள படிவைக் காயவைத்துக்கொண்டும் இருந்தது. மூச்சுவிடத் தோதாக்கும் வேலையே தீக்கும் வழி செய்கிறது. நைட்ரஜனை நிரப்பி வைத்தால் படிவு எரியாது, ஆனால் உள்ளே இறங்குபவர் மூச்சடைத்துப் போவார். ஆகவே ஆள் உள்ளே இருக்கும் நேரத்துக்குத் தண்ணீரை விட்டால் வேறு காவல் இல்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆபத்தான வாயு, புகை, ஆவி, தூசி இல்லை என்று தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும் என்றது. சுவரில் ஒட்டியிருக்கும் படிவைப் பற்றி அந்தச் சான்று வாய் திறக்க வேண்டியதில்லை. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின் கீழ் விதிகள் எழுதப்படும்போது இந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டும். பர்மிட் படிவத்தில் சல்பைடு படிவுக்கென்று தனி வரி வேண்டும். நனைந்திருக்கிறதா என்பதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகாமல், வேலை முடியும்வரை கண்காணிக்க ஒருவர் வேண்டும். போபாலுக்குப் பிறகு, 1987-இல், உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமை தொழிலாளிக்குச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்தியவருக்கு மறுநாள் கேட் பாஸ் மறுக்கப்பட்டால் அந்த உரிமைக்குப் பொருள் இல்லை.

இதனால் நாள் கூடும், கழிவுநீரும் கூடும் என்று நிர்வாகங்கள் சொல்வது உண்மைதான். தொட்டியைத் திறக்கும் முன்பே பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைச் சுழலவிட்டுப் படிவைச் செயலிழக்கச் செய்யலாம், அதற்கும் செலவுண்டு. அந்தச் செலவு டெண்டரிலேயே தனி இனமாக இருக்க வேண்டும் என்கிறோம். குறைந்த விலைக்கு எடுத்த கான்டிராக்டரின் தலையில் கட்டினால், அவர் மிச்சம் பிடிக்கும் முதல் பொருள் தண்ணீராகத்தான் இருக்கும். அமிலம் ஊற்றிக் கழுவுவது மலிவான குறுக்குவழியாகத் தோன்றலாம். அது ஹைட்ரஜன் சல்பைடைத் திரும்பக் கிளப்பிவிடும்; அந்த வாயுவைப் பிடித்து அகற்ற ஏற்பாடு இல்லாத இடத்தில் அமிலத்தை நாங்கள் ஏற்கவில்லை.

வாரி வெளியே எடுத்த கசடுக்கும் இதே விதிதான். சாக்கில் கட்டி யார்டில் வெயிலில் அடுக்காமல், தண்ணீர் நிற்கும் பீப்பாயில் வைத்து, ஈரம் காயும் முன் அப்புறப்படுத்த வேண்டும். இவை எல்லாம் இறங்குபவருக்கு அவர் மொழியில், தமிழோ இந்தியோ ஒடியாவோ வங்காளமோ, வேலைக்கு முன் வாய்மொழியாகச் சொல்லப்பட வேண்டும். அறியாத மொழியில் அச்சடித்த தாளில் வாங்கும் கைநாட்டைப் பயிற்சி நடந்ததற்கான அத்தாட்சியாக நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்.