ஒரு வருடம் மட்டும் குழந்தை வேண்டாம்!

1966-ம் ஆண்டு. ஜப்பானில் போர் இல்லை, பஞ்சம் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்புதான் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டியை நடத்தி உலகையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தார்கள். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே புல்லட் ரயில் பறந்துகொண்டிருந்தது.

அப்படிப்பட்ட நாட்டில், அந்த ஒரு வருடம் மட்டும் பிரசவ வார்டுகள் காற்றாடின.

1965-ல் அங்கே பிறந்த குழந்தைகள் சுமார் 18 லட்சத்து 23 ஆயிரம். 1966-ல் அது 13 லட்சத்து 60 ஆயிரமாகச் சரிந்தது. நான்கில் ஒரு பங்கு காணாமல் போனது. அடுத்த வருடமே 19 லட்சத்து 35 ஆயிரமாக எகிறியது.

காரணம், ஒரு குதிரை!

60 வருடத்துக்கு ஒருமுறை

நம் பிரபவ, விபவ போலவே ஜப்பானிலும் 60 வருடச் சுழற்சி உண்டு. சீனாவிலிருந்து வந்தது. எலி, மாடு, புலி என்று 12 விலங்குகள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்து மூலப்பொருள்கள், ஒவ்வொன்றிலும் மூத்தது, இளையது என்று இரண்டு. இந்தப் பத்தும் பன்னிரண்டும் மாறி மாறிச் சேர்ந்து வர, 60 வருடத்துக்கு ஒருமுறை மூத்த நெருப்பும் குதிரையும் ஜோடி சேரும். அதற்குப் பெயர் 'ஹினோயே உமா'. நெருப்புக் குதிரை ஆண்டு.

அந்த வருடம் பிறக்கும் பெண் அடங்காப்பிடாரியாக இருப்பாள், கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்பது நம்பிக்கை. ஆண் பிறந்தால் எந்தத் தோஷமும் இல்லை!

இந்த நம்பிக்கை பரவ ஒரு காதல் கதையும் காரணம். இன்றைய டோக்கியோவுக்கு அன்று எடோ என்று பெயர். அங்கே ஒரு காய்கறி வியாபாரியின் மகள் ஓஷிச்சி. ஊரில் பெரும் தீ விபத்து. குடும்பத்தோடு ஒரு கோயிலில் தஞ்சம் புகுந்தவள், அங்கிருந்த இளைஞனிடம் மனதைப் பறிகொடுத்தாள். வீடு திரும்பிய பிறகும் அவன் நினைவுதான். மறுபடி தீப்பிடித்தால் மறுபடி அவனைப் பார்க்கலாமே என்று அவளே தீ வைத்துவிட்டாள். 1683-ல் அவளுக்கு மரண தண்டனை. அவள் 1666-ல், அதாவது நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்தவள் என்றது கதை. நாடகமாகவும் பொம்மலாட்டமாகவும் அது ஊர் ஊராகப் போனது. ஒரு பெண்ணின் அவசர புத்தி, ஒரு வருடத்தின் மீதே பழியாக விழுந்தது.

நம்பாதவர்களும் பயந்தார்கள்

1906-ல் மறுபடி நெருப்புக் குதிரை. பெண் குழந்தை பெற்ற சிலர், முந்தைய வருடத்திலோ அடுத்த வருடத்திலோ பிறந்ததாகப் பதிவு செய்தார்கள். அப்படி மாற்றாதவர்களின் மகள்கள் கல்யாண வயதுக்கு வந்தபோது வரன்கள் தட்டிப்போயின. மனமொடிந்து உயிரை விட்ட பெண்களைப் பற்றி அன்றைய நாளிதழ்களில் செய்திகள் வந்தன.

60 வருடம் கழித்து, 1966-ல் தாயாகும் வயதில் இருந்தவர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள், பத்திரிகை படித்தவர்கள். குதிரைக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களில் நிறைய பேர். ஆனால், 'நான் நம்பலை. நாளைக்குப் பெண் கேட்டு வர்றவங்க நம்பினா?' என்ற கேள்விக்குத்தான் அவர்களிடம் பதில் இல்லை.

குழந்தை ஆணா, பெண்ணா என்று முன்கூட்டியே பார்க்க அன்று ஸ்கேன் கிடையாது. அதனால் குழந்தையே வேண்டாம் என்று தள்ளிப்போட்டார்கள். கருத்தடை செய்தார்கள். கருவைக் கலைத்தவர்களும் உண்டு. மருத்துவ வசதி என்னவோ புதியது. அதைப் பயன்படுத்தச் சொன்ன பயம் 300 வருடப் பழையது.

ஒரு மூடநம்பிக்கை உயிரோடு இருக்க, அதை எல்லோரும் நம்ப வேண்டும் என்பதில்லை. 'மற்றவர்கள் நம்புகிறார்கள்' என்று எல்லோரும் நினைத்தாலே போதும்.

அந்தக் குதிரைக்கு வயது 60

அந்த வருடமும் 13 லட்சம் பேர் பிறந்தார்கள்தானே? அதில் ஒரு பெண், செப்டம்பர் 11 அன்று பிறந்த கிகோ. 1990-ல் ஜப்பான் அரச குடும்பத்து இளவரசர் அகிஷினோவை மணந்தார். மூன்று பிள்ளைகள். திருமணமாகி 35 வருடம் கடந்துவிட்டது. அகிஷினோதான் இன்று அரியணைக்கு அடுத்த வாரிசு. கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்று சொல்லப்பட்ட வருடத்தின் மகள், நாளைய மகாராணியாகக்கூடும்.

2026 மீண்டும் நெருப்புக் குதிரை ஆண்டு. 1966-ல் பிறந்த பெண்களுக்கு இது அறுபதாம் ஆண்டு. நம் ஊர் சஷ்டியப்தபூர்த்தி போல, ஜப்பானிலும் 60 வயது நிறைவுக்குச் சிவப்புத் தொப்பியும் சிவப்பு மேலாடையும் அணிவித்துக் கொண்டாடுவார்கள். 'பிறக்கவே வேண்டாம்' என்று ஊர் சொன்ன வருடத்தில் பிறந்தவர்கள், பேரன் பேத்திகள் சூழ அந்தச் சிவப்பு ஆடையை அணிகிறார்கள்.

'குதிரைக்குப் பயந்தார்களாம்' என்று இங்கே சிரிப்பது சுலபம். ஆனால், பெண் மூல நட்சத்திரம் என்றால் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வீடுகள் நம் தெருவிலும் உண்டு. கேட்டால், 'எங்களுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லைங்க, பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க' என்பார்கள். அந்தப் பெரியவர்களைக் கேட்டால், 'சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?' என்பார்கள்.

யாருமே நம்பாத ஒன்றுக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள். அடுத்த முறை ஒரு ஜாதகம் திரும்பிப் போகும்போது, 'நம்மில் யாருக்கு இதில் நம்பிக்கை?' என்று வீட்டில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டால் போதும். பல வீடுகளில் ஒரு கைகூட உயராது.