எந்தக் குழு பார்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு



பெண்ணின் திருமண வயதை 21 ஆக்கும் மசோதா பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே என்னிடம் ஐந்தாவது படித்த ஒருவன், "அதைத்தான் நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பினார்களே டீச்சர், எந்தக் குழு பார்த்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறான். என்ன என்று சொல்கிறேன், கேள் தம்பி.

2021 டிசம்பர் 21 அன்று அமைச்சர் ஸ்மிருதி இரானி அதை மக்களவையில் கொண்டுவந்தார். கல்வி, பெண்கள், குழந்தைகள், இளைஞர், விளையாட்டு ஆகியவற்றுக்கான நிலைக்குழுவுக்கு அது போனது. பெயர்ப் பலகை பொருத்தம்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் 31 உறுப்பினர்களில் பெண் ஒரே ஒருவர், சுஷ்மிதா தேவ். 2019 தேர்தலில் மக்களவைக்கு மட்டும் 78 பெண்கள் ஜெயித்திருந்தார்கள். அத்தனை பேரும் எங்கே போனார்கள்?

நிலைக்குழு என்பது மசோதா வருவதற்கு முன்பே உட்கார்ந்திருக்கும் குழு. கட்சிகள் தரும் பெயர்களைக் கொண்டு ஆண்டுதோறும் அமைப்பார்கள், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. ஆகவே பழி எல்லாக் கட்சிக்கும் உண்டு. ஒரு கட்சியை மட்டும் திட்டிவிட்டுப் போகாதீர்கள்.

வக்கீலாக இருக்கும் என் தம்பி வேறு சொல்கிறான். இந்து, கிறிஸ்தவ, பார்சி திருமணச் சட்டங்களையெல்லாம் தொடுகிற மசோதா, சட்டம் நீதிக்கான குழுவுக்கல்லவா போயிருக்க வேண்டும் என்று. போயிருந்தால் எந்த மதச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்பதிலேயே பொழுது போயிருக்கும்.

இரு அவைகளும் தீர்மானம் போட்டு, இந்த மசோதாவுக்கென்றே ஒரு கூட்டுக்குழு அமைத்திருக்க வேண்டும், அதில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. நடக்காத காரியமில்லை. 1996-இல் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவுக்குக் கூட்டுக்குழு போட்டார்கள், தலைவர் கீதா முகர்ஜி. அதற்கும் முன்னால் 1928-இல், வெள்ளைக்காரன் அமைத்த ஜோஷி குழுவிலேயே ரமேஷ்வரி நேரு இருந்தார். ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்ட குழு அது. மறு வருஷம் சாரதா சட்டம் வந்தது, பெண்ணுக்கு 14 வயது.

"பெண்களைச் சாட்சியாகக் கூப்பிட்டுக் கேட்கலாமே" என்பீர்கள். கேட்கலாம். சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். அறிக்கை எழுதுவதும், ஒப்பவில்லை என்று மாற்றுக் குறிப்பு கொடுப்பதும் உறுப்பினர்கள்தான்.

முசிறி, தொட்டியம் பக்கம் வேலை பார்த்த காலத்தில் எட்டாவதோடு நின்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு நடையாய் நடந்திருக்கிறேன். மேல்நிலைப் பள்ளி தூரம், பஸ் நேரத்துக்கு வராது, பள்ளியில் கழிப்பறை இல்லை, வயசுக்கு வந்துவிட்டாள். காரணம் இவைதான். 18 வயது என்ற சட்டம் 1978-லேயே வந்தாயிற்று, அந்த வீடுகளுக்கும் அது தெரியும். படிப்பு தொடர்ந்தவளுக்குக் கல்யாணம் தானாகத் தள்ளிப்போனது.

இன்னொன்று. இந்த மசோதாப்படி 21 நிறையாத பெண் சட்டத்தின் கண்ணில் குழந்தை. சின்னக்கடை வீதி ஜவுளிக்கடையில் நின்று சம்பாதிக்கும் 19 வயதுக்காரி, ஓட்டுப் போடுகிறவள், தன் இஷ்டப்படி ஒருவனைக் கட்டினால்? பெற்றவர்கள் கையில் புது ஆயுதம். இதை யார் அந்த அறையில் அழுத்திக் கேட்பது? ஒற்றை ஆளாக சுஷ்மிதா தேவா?

கூட்டுக்குழு என்றாலே சுத்தம் என்றும் நான் சொல்லவில்லை. 2023-இல் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதாவை ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழுவுக்கு அனுப்பாமல் கூட்டுக்குழுவுக்குக் கொண்டுபோனார்கள். அவர் கண்டித்தார். ஆகவே பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பட்டியலைப் பாருங்கள்.

அந்தத் திருமண வயது மசோதா குழுவிலேயே கிடந்து, 2024-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. மறுபடி வரலாம். வந்தால் எப்படிப்பட்ட குழு வேண்டும் என்று நம் திருச்சி எம்.பி.க்கு இப்போதே ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வரலாம். காபி உண்டு. ஆம்பளைப் பிள்ளைகளும் வாருங்கள்.