கோட்டைத் தாண்டுவதற்கு என்ன விலை?

2019 ஏப்ரல் 11. ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கு எதிரான ஐபிஎல் ஆட்டத்தின் கடைசி ஓவர். பென் ஸ்டோக்ஸ் உயரமாக வீசிய ஒரு பந்துக்கு ஒரு நடுவர் 'நோ-பால்' எனக் கை நீட்ட, மற்றொரு நடுவர் அதை ஏற்கவில்லை. அதற்கு முந்தைய பந்தில் ஆட்டமிழந்து வெளியேறியிருந்த சென்னை சூப்பர் கிங்ஸ் அணித் தலைவர் எம்.எஸ்.தோனி, எல்லைக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்து நடுவர்களிடம் வாதிட்டார். முடிவு மாறவில்லை. கடைசிப் பந்தில் மிட்செல் சான்ட்னர் அடித்த சிக்ஸரால் சென்னை வென்றது. தோனி ஆட்ட நாயகன் ஆனார். விதிமீறலை அவர் ஒப்புக்கொண்டார். ஆட்ட ஊதியத்தில் 50 சதவீதம் அபராதம் விதிக்கப்பட்டது. தடை எதுவும் இல்லை.

மூன்றாண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 22 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் அதே போன்றதொரு நிகழ்வு. டெல்லி கேபிடல்ஸ் தலைவர் ரிஷப் பந்த், நோ-பால் தரப்படாததால் களத்தில் இருந்த தன் வீரர்களை வெளியே வருமாறு சைகை காட்டினார். துணைப் பயிற்சியாளர் பிரவீண் ஆம்ரே களத்துக்குள் சென்றார். பந்துக்கு ஊதியம் முழுவதும் அபராதம்; ஆம்ரேவுக்கு முழு அபராதத்துடன் ஓர் ஆட்டத் தடை.

இரு நிகழ்வுகளின் சூழலும் முற்றிலும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும், களத்துக்குள் நுழைந்தவர் புகழ்பெற்ற தலைவர் என்றால் அபராதம் மட்டும், துணைப் பயிற்சியாளர் என்றால் அபராதமும் தடையும் என்றுதான் ஒரு சாதாரண ரசிகர் இதைப் புரிந்துகொண்டிருப்பார். விளையாட்டுச் செய்தியாக நாம் கடந்துபோகும் இந்த விஷயத்தில், விதி என்றால் என்ன என்கிற அடிப்படைக் கேள்வி அடங்கியிருக்கிறது.

பொருளியல் வகுப்பில் நான் அடிக்கடி எடுத்துக்காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்காகியது. அபராதத்தை நீக்கிய பின்னரும் நிலைமை பழையபடி திரும்பவில்லை. உரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த ஆய்வின் முடிவு எளிமையானது: அபராதம் என்பது ஒரு விலை. அதுவரை 'ஆசிரியரைக் காக்க வைக்கக் கூடாது' என்று தயங்கிய பெற்றோர், 'அதற்குத்தான் பணம் கட்டுகிறோமே' என்று எண்ணத் தொடங்கினர்.

ஒரு பருவத்துக்கு 15 கோடி ரூபாய்க்குத் தக்கவைக்கப்பட்ட வீரருக்கு ஓர் ஆட்ட ஊதியத்தில் பாதி என்பது தண்டனையா, விலையா? அதோடு, களத்துக்குள் நுழைந்து நடுவருக்குத் தரும் அழுத்தத்தால் ஏதேனும் பலன் கிடைத்தால் அது அணிக்குச் சேரும். செலவோ தனி ஒருவரின் பையிலிருந்து போகும். மெரில்போன் கிரிக்கெட் கிளப் 2017இல் திருத்திய சட்டங்களில், மோசமான நடத்தைக்கு எதிரணிக்கு ஐந்து ஓட்டங்கள் வழங்கவும் வீரரைக் களத்திலிருந்து வெளியேற்றவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால், பெரிய போட்டிகளில் ஆட்டம் முடிந்த பிறகு விசாரிப்பதும் ஊதியத்தில் பிடிப்பதுமே பெரும்பாலும் நடைமுறை.

இதை முற்றிலும் வேறு விதமாகக் கையாண்ட விளையாட்டு ஒன்று உண்டு. நம் வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பனித்தரையில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கி. அங்கே தவறிழைத்தவர் இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ தண்டனை இருக்கையில் தனியே அமர வேண்டும். பொதுவாக, அந்த நேரத்தில் அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். தண்டனை அப்போதே அணியைச் சேர்கிறது. நேரம் முடியுமுன் எழுந்து வந்தால் மேலும் தண்டனை. கைகலப்புக்குப் பேர்போன அந்த ஆட்டத்தில் ஒரு காலத்தில் பெரிய தலைவலியாக இருந்தது, களத்தில் இருவர் மோதிக்கொண்டால் இரு தரப்பிலும் வெளியே அமர்ந்திருப்பவர்கள் அனைவரும் எழுந்து ஓடிவருவதுதான்.

1987 ஜனவரி 4 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்டியானி நகரில் கனடா, சோவியத் இளையோர் அணிகள் அப்படி மோதிக்கொண்டபோது, சண்டையை நிறுத்த முடியாமல் அரங்கின் விளக்குகளையே அணைத்தார்கள். இரு அணிகளும் உலகப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டன. தங்கப் பதக்க வாய்ப்போடு ஆடிய கனடா வெறுங்கையோடு திரும்பியது. அதே ஆண்டு மே மாதம், மான்ட்ரியல், பிலடெல்பியா அணிகள் ஆட்டம் தொடங்கும் முன்பே அடித்துக்கொண்டன.

அதன் பின் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் விதியைக் கடுமையாக்கியது. கைகலப்பின்போது இருக்கையை விட்டு முதலில் எழுந்து வருபவருக்கு ஊதியமின்றி 10 ஆட்டங்கள் தடை. இரண்டாவதாக வருபவருக்கு 5 ஆட்டங்கள். ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள் என்றால், முதல்வர் இழப்பது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இந்தத் தடை தானாகவே அமலுக்கு வருவது. வந்தவர் நட்சத்திர வீரரா, புதியவரா என்று விதி கேட்பதில்லை. கூட்டமாக எழுந்து வந்து மோதும் வழக்கம் அந்த லீகில் அநேகமாக மறைந்துவிட்டது.

முதலில் வருபவருக்கு ஏன் இரு மடங்கு தண்டனை? இங்குதான் அந்த விதியின் நுட்பம் இருக்கிறது. பெரும்பாலான வீரர்கள் சண்டையை விரும்புவதில்லை. ஆனால், எதிரணியின் இருக்கை காலியாகும்போது தாம் மட்டும் உட்கார்ந்திருந்தால் கோழை என்ற பெயர் வரும். ஆகவே, யாருக்கும் விருப்பமில்லாத சண்டையில் எல்லோரும் இறங்குகிறார்கள். முதல் ஆள் எழாவிட்டால் மற்றவர்களுக்கு எழவேண்டிய கட்டாயமே இல்லை. 2005இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங், 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதே ஐஸ் ஹாக்கியை எடுத்துக்காட்டினார். தலைக்கவசம் நல்லது என்று தெரிந்தும், மற்றவர் அணியாதபோது வீரர் தாமும் அணியத் தயங்குவார். ஆனால், எல்லோருக்கும் கட்டாயமாக்கினால் அதை வரவேற்பார். நல்ல விதி மனிதரைக் கட்டிப்போடுவதில்லை. அவர் உள்ளூர விரும்பும் நன்னடத்தைக்கு ஒரு சாக்கு தருகிறது. 'நான் வந்திருப்பேன், விதி விடவில்லை' என்று அவர் கௌரவத்தோடு சொல்லிக்கொள்ளலாம்.

தானியங்கித் தண்டனைக்கு மறுபக்கமும் உண்டு. 2007 மே மாதம் அமெரிக்கக் கூடைப்பந்து லீகில், சான் அன்டோனியோ வீரர் ராபர்ட் ஹோரி, ஃபீனிக்ஸ் அணியின் ஸ்டீவ் நேஷைக் களத்தின் ஓரத்தில் இடித்துத் தள்ளினார். அதைக் கண்டு ஃபீனிக்ஸின் அமாரே ஸ்டவுடமயர், போரிஸ் டியா இருவரும் இருக்கையை விட்டுச் சில அடிகள் முன்வந்தனர், யாரையும் தொடவில்லை. ஆயினும் இருவருக்கும் அடுத்த ஆட்டத்தில் தடை. அந்த ஆட்டத்தில் தோற்ற ஃபீனிக்ஸ், தொடரையும் இழந்தது. தவறைத் தொடங்கியது ஓர் அணி, அதிக இழப்பு மற்றோர் அணிக்கு என்று ரசிகர்கள் இன்றும் குமுறுகிறார்கள். அந்தக் குமுறலில் நியாயம் இருக்கிறது. ஆனால், 'எத்தனை அடி வரை வரலாம், எவ்வளவு கோபத்தோடு வரலாம்' என்று ஒவ்வொரு முறையும் எடைபோடத் தொடங்கினால், செல்வாக்குள்ளவருக்குத் தராசு சாயும். ஓரிரு முறை கடுமையாகத் தோன்றும் சமமான விதி, எப்போதும் வளையக்கூடிய விதியைவிட மேலானது என்பதே என் கருத்து.

ஆனால், தண்டனை மட்டும் போதாது. மனிதர்கள் கோட்டைத் தாண்டுவதற்கு முக்கியமான காரணம், கோட்டுக்கு உள்ளே நின்று முறையிட வழி இல்லாததுதான். ஐபிஎல்லில் 2023 முதல் நோ-பால், வைடு முடிவுகளையும் வீரர்கள் மறுஆய்வுக்கு அனுப்பலாம். 2024 முதல் வீரர்களின் இடுப்பு உயரத்தை முன்கூட்டியே அளந்து, பந்தின் உயரத்தைக் கருவியால் கணிக்கிறார்கள். சர்ச்சை முற்றிலும் ஓயவில்லை. ஆனால், களத்துக்குள் ஓடிவருவதற்கான நியாயம் குறைந்திருக்கிறது. விதி தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் கபடி இறுதி ஆட்டம் காட்டியது. பவன் செராவத் பாடிச் சென்று பக்கக் கோட்டைத் தாண்டியதற்குப் பழைய விதியா, புதிய விதியா என்பதில் நடுவர்களே தடுமாறினர். இந்திய, ஈரான் வீரர்கள் தரையில் அமர்ந்துவிட, ஆட்டம் நெடுநேரம் நின்றது. இந்தியா 33-29 என வென்றது. கபடியின் மதிப்பு குறைந்தது.

இது தொலைக்காட்சியில் தெரியும் வீரர்களின் பிரச்சினை மட்டுமன்று. செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கபடிதான் இளைஞர்களின் ஆட்டம். ஆட்டமிழந்தவர் வெளியே வரிசையாக அமர்ந்து, தன் அணி புள்ளி எடுக்கும்போது முறைப்படி உள்ளே திரும்புவது கபடிக்கே உரிய அழகு. பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டை இரண்டு நிமிட வெளியேற்றம், சிவப்பு அட்டை முழு நீக்கம் என்ற ஒழுங்கும் அதில் உண்டு. ஆனால், ஒரு புள்ளிக்கான தகராறில் அமர்ந்திருப்பவர் எழுந்து வந்தால், அவர் பின்னால் ஊரே உள்ளே வந்துவிடும். நடுவராக நிற்கும் உடற்கல்வி ஆசிரியர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சமாதானம் பேசுவார். 2025 ஜனவரியில் பஞ்சாபின் பட்டிண்டாவில் பல்கலைக்கழக மகளிர் கபடிப் போட்டியின்போது எழுந்த தகராறில் தமிழக மாணவியர் தாக்கப்பட்டதை நாம் மறந்துவிட முடியாது.

மாற்றத்தை நாம் இங்கிருந்தே தொடங்கலாம். முதலமைச்சர் கோப்பை முதல் ஊர்த் திருவிழாப் போட்டி வரை மூன்று ஏற்பாடுகள் போதும். தகராறின்போது இருக்கையை விட்டு முதலில் களத்துக்குள் நுழைபவருக்கு, அவர் யாராக இருந்தாலும், அடுத்த ஆட்டத்தில் தடை. நுழைந்த அணிக்கு அந்த ஆட்டத்திலேயே புள்ளி இழப்பு. அணித் தலைவர் மட்டும் மேல்நடுவரிடம் முறையிட, ஆட்டத்துக்கு ஒரு வாய்ப்பு. இதற்குக் கருவிகள் வேண்டியதில்லை. ஆட்டம் தொடங்கும் முன் இரு அணிகளுக்கும் விதியைப் படித்துக் காட்டினால் போதும்.

பணம் கட்டினால் மீறலாம், பேர் இருந்தால் மீறலாம் என்ற பாடத்தைக் களத்தில் கற்றுக்கொள்ளும் சிறுவர்கள் நாளை சாலையிலும் அலுவலகத்திலும் அதையே பின்பற்றுவார்கள். எல்லோருக்கும் ஒரே கோடுதான் என்பதை 14 வயதில் உட்கார்ந்து பழகியவருக்கு, 40 வயதில் அதைச் சொல்லித்தர நீதிமன்றம் தேவைப்படாது.