பத்தவில்லை என்று யார் சொன்னது?

போன வாரம் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். பிறந்து ஆறே நாள். பிள்ளை சிணுங்கியதுதான் தாமதம், "பால் பத்தல, மாவுப் பால் கலக்கு" என்று வந்திருந்த அத்தனை பேரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தாய்க்காரி அழுதேவிட்டாள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்ததை ஒருவரும் விசாரிக்கவில்லை.

என் பெரியம்மா இரட்டைப் பிள்ளைகளைத் தாய்ப்பாலிலேயே வளர்த்தார். இரண்டு வாய்க்குப் பத்தியது ஒரு வாய்க்குப் பத்தாதா?

முதல் நாள் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி சீம்பாலே தாராளம். மூன்றாம், நான்காம் நாள்தான் பால் கட்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கேட்கும். சாயங்காலமானால் ஓயாமல் கேட்கும். சப்பச் சப்பத்தான் ஊறும். நடுவில் டின் பாலைப் புகுத்தினால் சுரப்பு குறையும். பிறகு "நான் அப்பவே சொன்னேனே" என்பார்கள். இவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் பெரியம்மாவுக்கும் வற்றியிருக்கும்!

காம்பு வெடிப்பது பெரும்பாலும் பிள்ளை நுனியை மட்டும் கவ்வுவதால். வாயை அகலத் திறக்கவிட்டு, கருவட்டமும் உள்ளே போகும்படி அணைத்துக் கொடுத்தால் வலி தணியும். அழுகையை விடுங்கள், ஈரமான பேம்பர்ஸை எண்ணுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஆறுக்குக் குறையாமல் நனைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பினால் பால் பத்துகிறது. இல்லையென்றால் உடனே டாக்டரிடம் போங்கள். கேகே மருத்துவமனையில் பாலூட்டல் ஆலோசகர்களே இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா டாக்டரல்ல.

1939இல் இதே சிங்கப்பூரில், ரோட்டரி சங்க மேடையில், டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டே பேசினார். சர்க்கரை போட்ட டின் பாலைப் பச்சைப் பிள்ளைகளுக்கு உகந்தது என்று பரப்பியதால் நேர்ந்த சாவுகளைக் கொலையாகவே கருதவேண்டும் என்றார். இத்தனை காலமாகியும் நம் வீடுகளில் டின்னுக்குத்தான் மவுசு. 2017இல் 900 கிராம் மாவுப் பால் டின் சராசரியாக 56 வெள்ளி. பத்தே ஆண்டில் 120 விழுக்காடு ஏற்றம். அதைக் கடன் வாங்கியாவது வாங்கும் கணவன்மார், ராத்திரி எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்க மாட்டார்கள். வேலைக்குத் திரும்பியவள் பால் எடுக்க இடம் கேட்டால் ஸ்டோர் ரூமைக் காட்டும் முதலாளிகளும் இருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்குத் துணை இருந்தது, பால் இருந்தது. பிள்ளை பார்க்கப் போகிறவர்களே, சமைத்து எடுத்துப் போங்கள். துணி துவைத்துக் கொடுங்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டு தாயைக் கொஞ்சம் தூங்கவிடுங்கள்.